ஐஸ்லாந்துக் கிளப்களின் இளையோர் கால்பந்துப் பயிற்சி: 15 வயது வரை முதல் தரம், அதன்பிறகு?

ஐஸ்லாந்தில் ஒரு பிள்ளையைக் கால்பந்தில் சேர்க்க அகாடமி தேடி அலைய வேண்டியதில்லை. பேட்டைக்கு ஒரு கிளப் இருக்கிறது. அங்கே பெயரைப் பதிந்து, பருவத்துக்கான கட்டணத்தைக் கட்டினால் போதும். தேர்வு வைத்துச் சேர்ப்பதும் இல்லை, தேறவில்லை என்று அனுப்பிவிடுவதும் இல்லை. பொழுதுபோக்காக ஓட வரும் பிள்ளைக்கும் நாளை தேசிய அணிக்கு ஆடப்போகும் பிள்ளைக்கும் ஒரே மைதானம், ஒரே பயிற்சியாளர், ஒரே கட்டணம். காசு கொடுத்து வாங்கும் சேவை என்ற கணக்கில் இதை மதிப்பிட்டால் எங்கள் தீர்ப்பு இது: 6 முதல் 15 வயது வரை இந்த விலைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது. 16 முதல் 19 வரை இதே சேவை தள்ளாடுகிறது. அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்று 14 வயதிலேயே யோசிக்காத குடும்பங்கள்தான் பின்னால் சிரமப்படுகின்றன.

சோதித்துப் பார்க்க ஓர்ரி ஸ்டெய்ன் ஓஸ்கர்சனின் தொடக்க காலத்தை எடுத்துக்கொள்ளலாம். 2004 ஆகஸ்டில் பிறந்த ஸ்ட்ரைக்கர். தலைநகர் ரெய்க்யவிக்கை ஒட்டி மேற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் செல்ட்யார்நார்னெஸ், 5,000 பேர்கூட இல்லாத ஊர். அந்த ஊரின் கிளப்பான க்ரோட்டாவில் வளர்ந்தவர். 2018 ஆகஸ்டில், 14 வயது நிறைய இன்னும் சில நாள் இருக்கும்போதே சீனியர் அணிக்காக மூன்றாம் நிலை லீகில் இறங்கி, ஹோத்துர் அணியை 5-0 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார். 2020-ல் டென்மார்க்கின் எஃப்.சி. கோபன்ஹேகன். 2023 முற்பகுதியில் அங்கிருந்து சோண்டர்யிஸ்கே கிளப்புக்கு லோன், அதாவது தற்காலிகமாக இரவல். அந்தக் கோடையில் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஐஸ்லாந்தின் பிரெய்தாபிளிக் அணிக்கு எதிராக ஹாட்ரிக். எதிரணியின் பயிற்சியாளர் அவருடைய சொந்தத் தந்தை. செப்டம்பரில் தேசிய அணி. 2024 ஆகஸ்ட் கடைசியில் ஸ்பெயினின் ரியல் சோசிடாட் சுமார் 2 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. 2025 மார்ச்சில், 20 வயதில், ஐஸ்லாந்து அணியின் கேப்டன்.

இப்படி ஒருவர் வருவதற்கு அந்தப் பேட்டைக் கிளப் என்னென்ன கொடுத்திருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் சேவையின் மதிப்பு தெரியும்.

முதலில் பயிற்சியாளர்கள். இந்தச் சேவையில் நாம் கொடுக்கும் காசுக்கு உண்மையில் கிடைப்பது இவர்கள்தான். பல நாடுகளில் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு யாரோ ஒரு பிள்ளையின் அப்பா விசில் ஊதுவார். இங்கே அந்த வயதுக் குழுவுக்கும் சம்பளம் வாங்கும், பயிற்சி பெற்ற ஆள் வருகிறார். 2000-களின் தொடக்கத்திலிருந்து ஐஸ்லாந்துக் கால்பந்துச் சங்கம், ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபாவின் பயிற்சியாளர் உரிம வகுப்புகளைத் தானே நடத்தத் தொடங்கியது. 2016 யூரோ கோப்பை சமயத்தில் யூஃபா பி உரிமம் பெற்றவர்கள் 600 பேருக்கு மேல். நாட்டின் மக்கள்தொகை அப்போது சுமார் 3,30,000. அதாவது ஏறக்குறைய 550 பேருக்கு ஒரு பி உரிமப் பயிற்சியாளர். இவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். பள்ளி ஆசிரியர்கள் நிறைய. தேசிய அணியை 2018 உலகக் கோப்பையில் வழிநடத்திய ஹெய்மிர் ஹால்கிரிம்சனே பல் மருத்துவர். பகுதி நேரம் என்பதால் தரம் குறைவதில்லை. ஆனால் ஒரு குறை உண்டு. மாலை ஐந்து மணிக்கு வரும் பயிற்சியாளருக்கு உங்கள் பிள்ளையின் இடது காலைத் தனியாகச் செதுக்க நேரம் இருக்காது. குழுவுக்கான நேரம் முடிந்ததும் அடுத்த குழு வாசலில் நிற்கும்.

அடுத்தது கூரை. டிசம்பர் கடைசியில் ரெய்க்யவிக்கில் காலை பதினொன்றேகாலுக்குப் பிறகுதான் சூரியன் எட்டிப் பார்க்கும். மூன்றரை மணிக்கு மறைந்துவிடும். காற்றும் உறைபனியும் சேர்ந்தால் வெளியே பந்தைத் தொடவே முடியாது. முந்தைய தலைமுறை அந்த மாதங்களில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தரையிலும் சரளை மைதானத்திலும் ஒப்பேற்றியது. 2000-ல் கெப்லவிக் பக்கம் முதல் முழு அளவு உள்ளரங்கு மைதானம் திறந்தது. தொடர்ந்து ரெய்க்யவிக், கோபவோகுர், அகுரெய்ரி, அக்ரானெஸ் என்று ஒவ்வொரு ஊராக அரங்குகள் எழுந்தன. பெரும்பாலும் நகராட்சியின் சொத்து. காலையில் பள்ளிக்கும் பிற்பகலில் கிளப் பிள்ளைகளுக்கும் இரவில் பெரியவர்களுக்கும் நேரம் பிரித்துக் கொடுக்கிறார்கள். இது போக, பள்ளி வாசல்களில் செயற்கைப் புல் விரித்த சின்ன மைதானங்கள் நூற்றுக்கு மேல். புல்விரிப்பைச் சங்கம் கொடுத்தது, தரையைத் தயார் செய்தது நகராட்சி. வெளி மைதானங்கள் பலவற்றில் வீடுகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும் வெந்நீரைப் புல்லுக்கடியில் குழாயில் ஓட்டிப் பனியைக் கரைக்கிறார்கள்.

தேசிய அணியின் நடுக்கள வீரராக இருந்த கில்வி சிகுர்ட்சன் 1989-ல் பிறந்தவர்; முதல் அரங்கு திறந்தபோது அவருக்கு வயது 10, 11. அவர் வயதையொட்டிய பையன்கள்தான் 2011-ல் டென்மார்க்கில் நடந்த 21 வயதுக்குட்பட்டோர் யூரோவுக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்றில் ஜெர்மனியை 4-1 என்று வீழ்த்தினார்கள். அதே பையன்கள் 2016 யூரோ கோப்பையில் நீஸ் நகரில் இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எல்லா அரங்கும் ஒரே மாதிரி இல்லை என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். அக்ரானெஸ் அரங்கில் வெப்பமூட்டும் வசதி கிடையாது. காற்றும் பனியும் உள்ளே வராது, குளிர் வரும். மெல்லிய உடையை அடுக்கடுக்காகப் போட்டு அனுப்புவது சரி. தடித்த ஜாக்கெட்டோடு ஓடவிட்டால் வியர்த்து, ஓய்வில் நிற்கும்போது நடுங்கும். பூட்ஸ் விஷயத்தில் இதைவிட அதிகமாகத் தவறு நடக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி செயற்கைப் புல்லில்தான் ஆட்டம். இயற்கைப் புல்லுக்கான நீண்ட பட்டை ஸ்டட் (அடிப்பகுதி முளை) உள்ள பூட்ஸ் அதில் ஆழமாகக் கவ்விக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. அந்தத் திருகலை முழங்காலும் கணுக்காலும் வாங்குகின்றன. ஏ.ஜி. என்று குறிக்கப்பட்ட, குட்டையான உருளை ஸ்டட்கள் நிறைய உள்ள அடிப்பகுதியே இங்கே தினசரி பூட்ஸ். ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்க வேண்டும். கோடையில் ஆறு வாரம் இயற்கைப் புல்லில் ஆடுவதற்காக அந்தப் புல்லுக்கான எஃப்.ஜி. பூட்ஸ் வாங்கி வருடம் முழுக்கப் போடுவது காசுக்கும் கேடு, காலுக்கும் கேடு.

வயதுக் குழுக்களுக்கு ஃப்ளோக்குர் என்று பெயர்; எண் குறையக் குறைய வயது கூடும். 7-ஆவது ஃப்ளோக்குர் 6, 7 வயது. 6-ஆவது 8, 9. 5-ஆவது 10, 11. 4-ஆவது 12, 13. 3-ஆவது 14, 15. அதன்பின் 2-ஆவது. சின்னக் குழுக்களுக்கு வாரம் இரண்டு மூன்று நாள், பதின்ம வயதில் நான்கைந்து நாள். பயிற்சி ஒரு மணி நேரம், வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்றரை. சின்னவர்கள் சின்ன மைதானத்தில் சின்ன அணியாகத்தான் ஆடுவார்கள். ஒரே கிளப் ஏ, பி, சி, டி என்று எத்தனை அணி தேறுமோ அத்தனையையும் போட்டிக்கு இறக்கும். பலவீனமான பிள்ளைக்கும் தன் தரத்துக்கேற்ற எதிரணி கிடைப்பதால் பெஞ்சில் உட்கார்ந்தே வருடத்தைக் கழிக்கும் கொடுமை இல்லை. இந்த ஏற்பாட்டுக்கு எங்கள் முழு மதிப்பெண். சின்ன நாட்டில் ஒரு பிள்ளையைக்கூட வீணாக்க முடியாது. பத்து வயதில் குட்டையாக இருந்தவன் பதினாறில் எப்படி வருவான் என்று யாருக்கும் தெரியாது.

கட்டணம் கிளப்பையும் வயதையும் பொறுத்து மாறும். பள்ளி வயதுப் பிள்ளைக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் குரோனா சுற்றுவட்டத்தில் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் நகராட்சி கைகொடுக்கிறது. ரெய்க்யவிக் மாநகராட்சி 6 முதல் 18 வயதுவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 75,000 குரோனா, சுமார் 500 யூரோ, உதவித்தொகை ஒதுக்குகிறது. பெற்றோர் கையில் பணமாகக் கிடைக்காது. பதிவு செய்யும்போது கட்டணத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். பல கிளப்களில் பதிவும் கட்டணமும் பயிற்சி நேர அறிவிப்பும் ஏப்ளர் செயலி வழியாகவே நடக்கின்றன. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, தொகை ஊருக்கு ஊர் வேறு. பிள்ளையின் முகவரி எந்த நகராட்சியில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஊரின் விதிதான் செல்லும், கிளப் இருக்கும் ஊருடையது செல்லாது. இன்னொன்று, இசை வகுப்புக்கோ நீச்சலுக்கோ தொகையைப் பயன்படுத்திவிட்டால் கால்பந்துக்கு மிச்சம் இருக்காது.

கட்டணத்துக்கு வெளியே வரும் செலவு கோடைப் போட்டிகள். வெஸ்ட்மன்னாயார் தீவுகளிலும் அகுரெய்ரியிலும் அக்ரானெஸிலும் கோபவோகுரிலும் நடக்கும் இவை நாட்டுக்கே திருவிழா. பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளி வகுப்பறைத் தரையில் மெத்தை போட்டுப் படுப்பார்கள். பெற்றோர் முறைவைத்துக் காவலிருப்பார்கள். தீவுப் போட்டிக்கு லாண்டெயாஹோப்ன் துறையிலிருந்து படகில் நாற்பது நிமிடம்தான். கடல் கொந்தளித்தால் படகை தோர்லாக்ஸ்ஹோப்னுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. குமட்டலுக்கான மாத்திரையைக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது. போட்டிக் கட்டணம், பயணம், சாப்பாடு எல்லாம் தனி. மற்ற குடும்பங்களோடு சேர்ந்து நிதி திரட்ட, வீடு வீடாகக் கழிப்பறைக் காகிதம் விற்பதும் இந்தச் சேவையில் அடக்கம்.

இதுவரை சொன்னதெல்லாம் பெண் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தும். அதே அரங்கு, அதே உரிமம் பெற்ற பயிற்சியாளர். கெப்லவிக்கில் தொடங்கிய ஸ்வெய்ண்டிஸ் யானே யோன்ஸ்டோட்டிர் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்புர்க் வரை போனார். 2009 முதல் மகளிர் யூரோவில் ஐஸ்லாந்து ஒரு முறைகூடத் தவறவில்லை.

16-லிருந்து 19

சேவை இடிப்பது இங்கேதான். 15 வயது வரை இரண்டு வயதுக்கு ஒரு குழு என்று இருந்தது. 2-ஆவது ஃப்ளோக்குரில் 16-லிருந்து 19 வரை ஒரே கூட்டம். மீசை அரும்பும் பையனும் முழு ஆண் உடம்பு வந்தவனும் ஒன்றாக ஆடுகிறார்கள். ஆட்டத்தின் வேகம் சீராக இல்லை. சிறந்தவர்கள் சீனியர் அணிக்கு இழுக்கப்பட்டுவிடுவதால் மிச்சமிருக்கும் அணியின் தரம் வாரத்துக்கு வாரம் மாறும். போதாக்குறைக்கு லீக் ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை அரங்குக்குள் பயிற்சிக் கோப்பைகள்தான். அவற்றில் தோற்றாலும் யாருக்கும் தூக்கம் கெடாது. ஐரோப்பாவின் பிற நாட்டுப் பையன் அதே மாதங்களில் புள்ளிக்காக ஆடிக்கொண்டிருப்பான்.

இதற்குள்ளேயே ஒரு மருந்தும் இருக்கிறது: சீனியர் ஆட்டம். கீழ் டிவிஷன்கள் பல இருப்பதாலும் ஆள் பஞ்சத்தாலும், திறமையுள்ள 16 வயதுப் பையனுக்கு வளர்ந்த ஆண்களுக்கு எதிராக ஆட வாய்ப்புக் கிடைக்கிறது. ஓர்ரிக்கு அது 13 வயதிலேயே கிடைத்தது விதிவிலக்கு. ஆனால் பாதை அதுதான். க்ரோட்டா 2018-ல் மூன்றாம் நிலையிலிருந்து ஏறி, 2019-ல் இரண்டாம் நிலையை வென்று, 2020-ல் வரலாற்றிலேயே முதல் முறையாக முதல் நிலை லீகில் ஆடியது. பெரிய கிளப்பில் 2-ஆவது ஃப்ளோக்குரின் நட்சத்திரமாக இருப்பதைவிட, இப்படி ஏறிக்கொண்டிருக்கும் சின்னக் கிளப்பின் சீனியர் பெஞ்சில் இருந்து இருபது நிமிடம் ஆடுவது மேல் என்பது எங்கள் திடமான கருத்து. பெரிய கிளப்பில் இருப்பவர்கள் கீழ் டிவிஷனுக்கு லோன் கேட்கத் தயங்கக் கூடாது.

இதில் பறிபோவது முழங்கால். 15 வயதில் திறமைசாலி தன் குழுவுக்கும் ஆடுவான், மேல் குழுவுக்கும் ஆடுவான், சீனியர் பயிற்சிக்கும் போவான், இளையோர் தேசிய முகாமுக்கும் அழைக்கப்படுவான். நான்கு பயிற்சியாளர்களும் தத்தம் சுமையை மட்டுமே கணக்குப் பார்ப்பார்கள். வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும் ஆஸ்குட் ஷ்லாட்டர் தொல்லை இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கிறது. வாரத்தின் மொத்த நிமிடங்களை வீட்டில் ஒரு தாளில் எழுதி, நான்கு பேருக்கும் காட்டுவது பெற்றோரின் வேலை. கிளப் அதைச் செய்துதரும் என்று காத்திருக்க வேண்டாம்.

வெளிநாடு போவதில் விதிகளைத் தெரிந்து நடக்க வேண்டும். ஃபிஃபா விதி 19-ன்படி நாடு விட்டு நாடு மாற 18 வயது ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியும் விதிவிலக்கு; அதற்குள் 16 வயதிலேயே மாறலாம், படிப்புக்கும் தங்குமிடத்துக்கும் புதிய கிளப் பொறுப்பேற்க வேண்டும். ஐஸ்லாந்து அந்தப் பகுதியில் இருக்கிறது. கில்வி 2005-ல் 16 வயதில் இங்கிலாந்தின் ரெடிங் கிளப்புக்குப் போனது இந்தக் கதவு வழியாகத்தான். பிரெக்சிட்டுக்குப் பின், 2021 ஜனவரியிலிருந்து, இங்கிலாந்துக் கிளப்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. 18-க்கு முன் எடுக்க முடியாது. இன்னும் 'அடுத்த வருடம் இங்கிலாந்து' என்று 15 வயதுப் பிள்ளையிடம் பேசும் ஏஜென்ட் இருந்தால், அவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

அதனால் கோபன்ஹேகன். விமானத்தில் மூன்று மணி நேரம். ஐஸ்லாந்துப் பள்ளிகளில் டேனிஷ் கட்டாயப் பாடம் என்பதால், போய் இறங்கும் பையனுக்குப் பயிற்சியாளர் சொல்வது பாதியாவது புரியும்; பள்ளிப் படிப்பும் அறுபடாது. அக்ரானெஸின் ஹாகோன் அர்னார் ஹரால்ட்சன் 2019-ல் அங்கே போய், 2023-ல் பிரான்ஸின் லீல் கிளப்புக்கு விற்கப்பட்டார். ஓர்ரியும் அதே வழி. சுவீடனின் நோர்ஷோப்பிங், நெதர்லாந்தின் அயாக்ஸ் என்று மற்றவர்கள் போன இடங்களும் உண்டு. பெயரைவிட இரண்டு கேள்வி முக்கியம்: இந்தக் கிளப்பில் 19 வயதுக்குள் முதல் அணியில் ஆடியவர்கள் எத்தனை பேர்? ஆடாதவர்களை எங்கே லோனில் அனுப்பினார்கள்? ஓர்ரிக்கும் கோபன்ஹேகனில் உடனே இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் டிவிஷனில் சோண்டர்யிஸ்கேக்குப் போய் ஆடிவிட்டு வந்தபிறகுதான் கதவு திறந்தது. ஒப்பந்தத்தைப் படிக்கும்போது, 18 வயதுக்குட்பட்டவரின் தொழில்முறை ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு மேல் செல்லாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பேட்டைக் கிளப்புக்கு இதில் என்ன கிடைக்கிறது? ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வீரர் விற்கப்பட்டால், விலையில் 5 விழுக்காடு அவரை 12 வயதிலிருந்து 23 வரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துத் தரப்படும். 12-லிருந்து 15 வரை ஆண்டுக்கு 0.25, 16-லிருந்து 23 வரை ஆண்டுக்கு 0.5. முதல் நான்கு பருவமும் ஒரே கிளப்பில் இருந்தவர் 2 கோடி யூரோவுக்குப் போனால் அந்தக் கிளப்புக்கு ஒரு விழுக்காடு, 2 லட்சம் யூரோ. 5,000 பேர் ஊருக்கு அது பெரிய தொகை. கணக்குத் தவறும் இடம் பதிவேடு. பிள்ளை ஒரு கோடைக்கு மட்டும் வேறு கிளப்பில் ஆடிவிட்டுத் திரும்பி, பதிவு மாற்றப்படாமல் விடுபட்டால், அந்தக் காலத்துப் பங்கு கைநழுவும். 2022 முதல் இந்தப் பணம் ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் என்ற பணப் பட்டுவாடா அமைப்பு வழியாகப் பதிவேட்டைப் பார்த்தே பிரிக்கப்படுகிறது. கிளப் மாறும் ஒவ்வொரு முறையும் பதிவுத் தேதியைச் சங்கத்தில் சரிபார்த்து வைக்க வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மேலே போனவர்களின் வீடுகளைப் பார்த்தால், ஓர்ரியின் தந்தை ஓஸ்கர் ஹ்ராஃப்ன் தோர்வால்ட்சன் க்ரோட்டாவின் பயிற்சியாளராகவே இருந்தவர். ஹாகோனின் தாய், தந்தை இருவருமே ஐஸ்லாந்துக்கு ஆடியவர்கள். கிளப் தருவது அடித்தளம். அதற்கு மேல் தனிப் பயிற்சி, சுமைக் கணக்கு, எப்போது போவது என்ற முடிவு எல்லாம் வீட்டிலிருந்து வந்திருக்கின்றன. கால்பந்து தெரியாத குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த வழிகாட்டலைக் கிளப்களே தர ஏற்பாடு செய்தால் இந்தச் சேவையின் பெரிய ஓட்டை அடைபடும். 3-ஆவது ஃப்ளோக்குருக்கு ஒரு முழுநேர ஆள் போட்டாலே போதும்.

சேர்க்க நினைப்பவர்களுக்கு இலையுதிர் காலத் தொடக்கமே நல்ல நேரம். கோடைப் பருவம் முடிந்ததும் பிள்ளைகள் அடுத்த ஃப்ளோக்குருக்கு மாறுவார்கள். அப்போது எல்லாருமே புதுக் குழுவில் இருப்பதால் புதிதாக வரும் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்வது எளிது. பல கிளப்கள் பணம் கட்டும் முன் ஓரிரு பயிற்சிக்கு வந்து பார்க்க விடுகின்றன. அந்த நாளில் பயிற்சியாளரிடம் அவருடைய உரிமம் என்ன, ஒரு குழுவுக்கு எத்தனை பிள்ளைகள், குளிர்காலத்தில் அரங்கு நேரம் வாரத்துக்கு எத்தனை மணி என்று கேளுங்கள். மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் கிளப்பில் பிள்ளையைச் சேர்க்கலாம்.